அந்த வெல்டிங் போஸ்டரில் இருப்பவன் நான். அதைப் பார்த்துச் சேராதீர்கள்

பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து திருச்சிப் பக்கம் பேருந்து நிறுத்தங்களில் ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். 'ஆறே மாதத்தில் 6ஜி வெல்டர், வெளிநாட்டு வேலை உறுதி' என்று கொட்டை எழுத்து. 6ஜி என்பது பைப் வெல்டிங்கில் கடினமான ஒரு தேர்வு நிலை. அதன் கீழே நீல நிற முகக்கவசம் அணிந்து, பொறி பறக்கக் குனிந்திருக்கும் ஒரு பையன். அந்தப் பையன் நான்தான். சேர்ந்த மூன்றாம் நாள் எடுத்த படம் அது. அன்று என் கையில் இருந்த, வெல்டிங் ராடைப் பிடிக்கும் ஹோல்டரில் மின்சாரமே இல்லை. பக்கத்தில் ஒருவர் கிரைண்டர் பிடித்தார், பொறி அதிலிருந்து பறந்தது. படம் எடுத்து முடித்ததும் அந்தப் புதுக் கவசம் அலுவலக பீரோவுக்குள் போனது. அதன்பிறகு ஆறு மாதத்தில் ஒரு நாளும் அது வெளியே வரவில்லை.

என் படத்தை நம்பி இன்னொருவன் வீட்டு நகை அடகுக்குப் போய்விடக் கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வாசலில் 'சமுதாயக் கல்லூரி' என்று பலகை இருந்தது. அந்தப் பெயரின் மேல் எனக்கு மரியாதை உண்டு. 1995இல் புதுச்சேரியில் தொடங்கிய இந்த முறை, படிப்பை இடையில் விட்டவர்களுக்குக் கைத்தொழில் கொடுக்க வந்தது. நேர்மையாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், என் அத்தை மகள் அப்படி ஓர் இடத்தில் படித்துத்தான் மருத்துவமனையில் வேலைக்குப் போனாள். அவளைப் பார்த்துத்தான் நானும் நம்பினேன். அப்பா "அங்கீகாரம் இருக்கிறதா சார்?" என்று கேட்டபோது, சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு காகிதத்தைக் காட்டினார்கள். காகிதம் உண்மையானதுதான். ஆனால் அது தையலுக்கும் கணினிப் பயிற்சிக்கும் கொடுத்த அங்கீகாரம். வெல்டிங் என்ற சொல்லே அதில் இல்லை. சுவரில் உயரத்தில் மாட்டியிருந்ததை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிட்டோம். எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டு வரை என்று படித்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

கட்டணம் 45,000 ரூபாய். அம்மாவின் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போயின. கொடுத்த ரசீதில் 'நன்கொடை' என்று இருந்ததை வீட்டுக்கு வந்தபிறகுதான் கவனித்தேன். பிளஸ் டூ அசல் மதிப்பெண் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சரிபார்த்துவிட்டு மறுவாரமே தருவதாகச் சொன்னார்கள்.

இருபத்திரண்டு பேருக்கு மெஷின் இரண்டு. ஒன்று நான் சேர்ந்ததிலிருந்தே ஓடவில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று ராடு, அதாவது உருகி இரும்பை ஒட்டவைக்கும் வெல்டிங் கம்பி. 3.15 மில்லிமீட்டர் ராடு ஒன்று எரிந்து தீர ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை உட்கார்ந்திருந்து, ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக வெல்டிங் செய்துவிட்டு வீடு திரும்புவோம். மற்ற நேரமெல்லாம் நோட்டில் குறிப்பு எழுதினோம். கை நடுங்காமல் ஆர்க் நீளத்தை, அதாவது ராடு முனைக்கும் இரும்புக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பிடிக்கவே ஒருவனுக்குப் பல நூறு ராடு எரிய வேண்டும் என்பது இன்று எனக்குத் தெரியும். அன்று அந்த மூன்றும் சாதாரண வேலைக்கான 6013 வகை ராடுதான். கொதிகலன், பிரஷர் வேலைகளுக்குக் கேட்கும் 7018 ராடைக் கொடுக்கவே இல்லை. அந்த ராடின் பிரித்துப்போட்ட ஒரு பெட்டி மழைச்சாரல் படும் ஜன்னலோரம் கிடந்தது. 7018 ராடை ஓவனில் சூடாக்கி ஈரம் போக்கித்தான் எடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து, பற்றவைத்த இடம் பிறகு விரிசல் விடும். அங்கே ஓவனும் இல்லை, இதைச் சொல்லித்தரவும் ஆளில்லை.

கண் விஷயத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. எங்களுக்குக் கொடுத்த கவசங்களில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, ஒன்றில் சாதாரணக் கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். ஒரு நாள் நள்ளிரவில் கண்ணுக்குள் சுடுமணலைக் கொட்டியதுபோல் எரிந்தது. இமையைத் திறக்க முடியவில்லை, தண்ணீராகக் கொட்டியது. அம்மா விடியும்வரை என் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் கல்லூரியில் சொன்னபோது, "உருளைக்கிழங்கை வெட்டி வை, இந்தத் தொழிலில் இதெல்லாம் சகஜம்" என்று பதில் வந்தது. புற ஊதாக் கதிர் கருவிழியைச் சுட்ட காயம் அது. எண் 10 அல்லது 11 போட்ட கண்ணாடி இருந்திருந்தால் வந்திருக்காது. அந்தக் கண்ணாடியின் விலை சில பத்து ரூபாய்தான்.

ஆறு மாதம் முடிந்ததும் பளபளப்பான சான்றிதழ் கொடுத்தார்கள். '6ஜி தகுதி பெற்றவர், ஆயுட்கால மதிப்பு' என்று அச்சடித்திருந்தது. 6ஜி என்பது பைப்பை 45 டிகிரி சாய்வில் நிறுத்தி, அதைத் திருப்பாமல் சுற்றிலும் பற்றவைப்பது. எங்கள் பட்டறையில் பைப்பே கிடையாது, துருப்பிடித்த தகட்டுத் துண்டுகள்தான் இருந்தன.

அந்தச் சான்றிதழோடு துவாக்குடியில் இரும்பு வேலை செய்யும் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டுக்கு டிரேடு டெஸ்டுக்கு, அதாவது செய்முறைத் தேர்வுக்குப் போனேன். பெல் தொழிற்சாலையைச் சுற்றியுள்ள அந்தப் பகுதியில் வெல்டருக்கு வேலை இல்லாமல் போவதில்லை. இரண்டு பைப்பை இணைக்க, அடியில் போடும் முதல் அடுக்கான ரூட்டை ஆர்கான் வாயு வெல்டிங்கில் போடச் சொன்னார்கள். ஆர்கான் டார்ச்சை நான் கையில் பிடித்தது அன்றுதான் முதல் தடவை. முடித்ததும் சூப்பர்வைசர் அண்ணன் திட்டவில்லை. "தம்பி, உள்ளே விரலை விட்டுப் பார்" என்றார். பைப்பின் இரண்டு விளிம்புகளும் உருகாமல், வெட்டி வைத்த கூர்மையோடு அப்படியே நின்றன. பக்கத்தில் இன்னொருவர் போட்ட பைப்பைத் தடவச் சொன்னார். உள்ளே மெல்லிய கயிறு ஓடியதுபோல் ஒரே சீரான மேடு. என் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்டவை இன்னும் காதில் இருக்கின்றன. எந்த முறையில் பற்றவைத்தாய்? எத்தனை மில்லிமீட்டர் கனம்? எந்த ராடு? வளைத்துப் பார்த்தார்களா, எக்ஸ்ரே எடுத்தார்களா? சோதித்த இன்ஸ்பெக்டரின் கையெழுத்து எங்கே? உண்மையான தகுதிச் சான்றில் இவை அனைத்தும் இருக்கும். 'ஆயுட்கால மதிப்பு' என்பதும் பொய்தான். பல நாடுகளில் பின்பற்றும், அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் ஏ.எஸ்.எம்.இ. விதிகளின் 9ஆம் பிரிவின்படி, ஒரு வெல்டிங் முறையில் தொடர்ந்து ஆறு மாதம் வேலையே செய்யாமல் இருந்தால் அந்த முறைக்கான தகுதி காலாவதியாகிவிடும்.

வெளிநாட்டு வேலை என்று சொன்னது, கல்லூரி முதல்வரின் நண்பர் ஒருவர் ஒன்றேகால் லட்சம் கேட்டதோடு முடிந்தது. பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். பதிவு உண்டா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்திலேயே பார்க்கலாம். இது தெரியாமல் எங்கள் வகுப்பில் ஒருவன் கொடுத்துவிட்டான். அவன் இன்னும் ஊரில்தான் இருக்கிறான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "நன்கொடையை யாராவது திருப்பிக் கேட்பார்களா?" என்றார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தபிறகுதான் என் அசல் சான்றிதழ் கைக்கு வந்தது. பணம் வரவில்லை.

திருவெறும்பூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடித்திருந்தாலே வெல்டர் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஓராண்டுப் படிப்பு, பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதைவிட, நான் விசாரிக்கவில்லை என்பதுதான் உண்மை.

எந்த இடமாக இருந்தாலும், பணம் கட்டும் முன் வகுப்பு நடக்கும் நேரத்தில் பட்டறைக்குள் போய் நில்லுங்கள். ஒருவனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை ராடு என்று ஆசிரியரிடம் கேட்காதீர்கள், அங்கே படிக்கும் பையனிடம் கேளுங்கள். குப்பைத் தொட்டியில் எரிந்த ராடுத் துண்டுகள் நிறைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பைப், ஓவன், ஆர்கான் சிலிண்டர் ஆகியவற்றைக் கண்ணால் பார்க்காமல் 6ஜி என்ற பேச்சை நம்பாதீர்கள். அசல் சான்றிதழைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

எங்களோடு படித்த நான்கு பேரின் மதிப்பெண் சான்றிதழ்கள் இன்னும் அந்த பீரோவில்தான் இருக்கின்றன. வரும் திங்கட்கிழமை அவர்களோடு நானும் கலெக்டர் அலுவலகத்துக்குப் போகிறேன். இதே போஸ்டரை நம்பிப் பணம் கட்டியவர்கள் ரசீதின் நகலோடு காலை பத்து மணிக்கு வந்துவிடுங்கள், ஒரே மனுவாகக் கொடுப்போம்.