பணியிடச் செயலி வாங்குவதற்கு முன்: கணக்கை யார் எழுதுகிறார்கள் என்று பாருங்கள்

நடுத்தர அளவிலான ஒரு நிறுவனத்தில் தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்குப் பொறுப்பு வகிக்கிறேன். ஊழியர்கள் அனைவருக்கும் பொதுவான ஒரு பணியிட மென்பொருள் தளத்தை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வாங்கினோம், ஏமாந்தோம், ஏமாந்தது தெரிந்த பிறகும் நான்காம் ஆண்டுக்குச் சேர்த்துப் பணம் கட்டினோம். வழங்குநரின் பெயரை எழுதப் போவதில்லை. தாங்கள் செய்தது எதுவும் ஒப்பந்தத்தை மீறியதல்ல என்று அவர்களுடைய வழக்கறிஞர் எழுதிய கடிதம் என் கோப்பில் இருக்கிறது. வருத்தத்தோடு சொல்கிறேன், அந்தக் கடிதத்தில் பெரும்பகுதி உண்மை. அதே வாசகங்களைக் கொண்ட ஒப்பந்தம் இன்று வேறொருவரின் மேசையில் கையெழுத்துக்காகக் காத்திருக்கக்கூடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் சிக்கல் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கொள்முதல் கோரிக்கை ஒன்றுக்கு ஒப்புதல் கிடைக்க ஒன்பது நாள், பத்து நாள் ஆகிக்கொண்டிருந்தது. கோரிக்கை மின்னஞ்சலில் வரும், விலை ஒப்பீடு எக்செல் தாளில் இருக்கும், மேலாளரின் சம்மதம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரியாகக் கிடக்கும். தணிக்கை வந்தால் மூன்றையும் தேடிக் கோப்பது எங்கள் வேலை. ஊழியர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மேசையும் கணினியும் இல்லாதவர்கள். கிடங்கிலும் விநியோக வண்டியிலும் இருப்பவர்கள். நிர்வாகம் ஆறு மாதத்தில் இதற்குத் தீர்வு வேண்டும் என்றது. அந்த நேரத்தில்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருவதாகச் சொல்லி வழங்குநர் வந்தார்.

டெமோ அருமையாக இருந்தது. கைபேசியில் மூன்று தொடுகையில் ஒப்புதல் முடிந்தது. இணைய இணைப்பு இல்லாத இடத்தில் பதிந்த கோரிக்கை, இணைப்பு வந்தவுடன் தானாகச் சேர்ந்தது. அந்தக் கைபேசி அவர்களுடையது, அதிலிருந்த தரவும் அவர்களுடையது என்பதை நான் அன்று கவனித்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை. நிறுவி முடித்த பிறகு, இணைப்பின்றி இயங்கும் வசதி எங்கே என்று கேட்டபோது, அது அடுத்த பதிப்புக்கான திட்டத்தில் இருப்பதாகப் பதில் வந்தது. மூன்றாண்டும் திட்டத்திலேயே இருந்தது. டெமோவில் காட்டிய வசதிகளின் பட்டியலை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எதிரே “இன்று பயன்பாட்டில் உள்ளது” என்று எழுதி வாங்கியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

அடுத்தது கட்டணத்தை நிர்ணயிக்கும் பயனர் எண்ணிக்கை. ஒரே கடவுச்சொல்லில் எல்லாச் செயலிகளிலும் நுழைய உதவும் எஸ்.ஏ.எம்.எல். 2.0 என்பது 2005-இல் வந்த தொழில்நுட்பத் தரநிலை. வேலையை விட்டுச் சென்றவரின் கணக்கைத் தானாக முடக்க உதவும் எஸ்.சி.ஐ.எம். 2.0 வெளியானது 2015-இல். இரண்டும் எவருக்கும் புதியவை அல்ல. அவற்றை வழங்குநர் உயர்நிலைத் திட்டத்தில் மட்டும் வைத்திருந்தார். நாங்கள் வாங்கியது அதற்குக் கீழே உள்ள திட்டம். எனவே விலகியவர்களின் கணக்குகளை ஒவ்வொன்றாகக் கையால் மூட வேண்டியிருந்தது. மூடிய பிறகும் பயனில்லை, ஏனென்றால் ஒப்பந்த ஆண்டில் ஒரு நாளேனும் கணக்கு வைத்திருந்த எவரும் அந்த ஆண்டு முழுமைக்கும் பயனர் என்று வரையறைப் பக்கத்தில் இருந்தது. கிடங்கில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும் எங்களைப் போன்ற நிறுவனத்துக்கு இது எவ்வளவு பெரிய சுமை என்பதை முதல் ஆண்டு இறுதியில் வந்த கூடுதல் பில்லைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டோம்.

இவையெல்லாம் பண இழப்பு, பொறுத்துக்கொள்ளலாம். என்னால் இன்றும் பொறுக்க முடியாதது உதவி மையத்தில் நடந்தது.

மாதந்தோறும் அறிக்கை வரும். டிக்கெட்டுகளில், அதாவது ஊழியர்கள் எழுப்பி எண்ணிட்டுப் பதிவான புகார்களில், கிட்டத்தட்ட அனைத்தும் குறித்த நேரத்துக்குள் தீர்க்கப்பட்டதாகப் பச்சை நிறத்தில் இருக்கும். நானும் அதை அப்படியே நிர்வாகக் கூட்டத்தில் காட்டிவந்தேன். இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், வேறு வேலையாகக் கிடங்குக்குச் சென்றிருந்தபோது, இரவு ஷிப்ட் மேற்பார்வையாளர் ஒருவர் தன் மேசையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். கோடு போட்ட சாதாரண நோட்டு. இடப்பக்கம் தேதியும் நேரமும், நடுவில் டிக்கெட் எண், வலப்பக்கம் அவர் கையெழுத்தில் ஒரு சொல்: “மூடிவிட்டார்கள்.” ஒரே சிக்கலுக்குப் பதினோரு டிக்கெட்டுகள். செயலிக்குள் நுழைய முயன்றால் கடவுச்சொல்லைக் கேட்கும், சரியாகக் கொடுத்தாலும் மறுபடி அதே பக்கத்துக்கே திரும்பும். ஷிப்ட் முடியும்வரை அவரால் சரக்கு வரவைப் பதிய முடியாது; காலையில் வருபவரிடம் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்.

பதினொன்றும் “தீர்க்கப்பட்டது” என்றே எங்கள் அறிக்கையில் இருந்தன. எப்படி என்று தோண்டிப் பார்த்தோம். டிக்கெட் வந்த நொடியில் தானியங்கி மின்னஞ்சல் ஒன்று போகும். அது முதல் பதிலாகக் கணக்கில் ஏறும். பிறகு, “சிக்கல் இன்னும் நீடிக்கிறதா?” என்று இன்னொரு தானியங்கி மின்னஞ்சல். அது போனவுடன் டிக்கெட்டின் நிலை “பயனரின் பதிலுக்காகக் காத்திருக்கிறது” என்று மாறிவிடும், தீர்வு நேரத்தை அளக்கும் கடிகாரமும் நின்றுவிடும். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் பதில் வராவிட்டால் டிக்கெட் தீர்ந்ததாக மூடப்படும். அந்த மின்னஞ்சல் எங்கே போய்ச் சேரும் தெரியுமா? செயலிக்குள்ளேயே இருக்கும் அஞ்சல் பெட்டிக்கு. “சார், பதில் எழுத வேண்டுமென்றால் நான் முதலில் உள்ளே போக வேண்டும். உள்ளே போக முடியவில்லை என்பதுதானே என் புகாரே?” என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கூட்டங்களில் நான் காட்டிய பச்சைப் பக்கங்கள்தான் நினைவுக்கு வந்தன.

எங்கள் துறையில் இப்படிப்பட்ட அறிக்கைக்குத் தர்பூசணி என்றே பெயர் உண்டு. வெளியே பச்சை, உள்ளே சிவப்பு. பெயர் எனக்கு முன்பே தெரியும். அறுத்துப் பார்க்கத்தான் தவறினேன். மறுவாரமே டிக்கெட்டுகளின் மூலத் தரவைக் கேட்டோம். அறிக்கை தருவது மட்டுமே கடமை, மூலத் தரவு தருவதாக ஒப்பந்தத்தில் இல்லை என்றார்கள். வேறு வழியின்றி, ஒரு மாதம் மூடப்பட்ட டிக்கெட்டுகளை எழுப்பிய ஊழியர்களை எங்கள் குழுவினரே தொலைபேசியில் அழைத்து, வேலை முடிந்ததா என்று கேட்டார்கள். முடியவில்லை என்றவர்களே அதிகம். பலர் புகார் செய்வதையே நிறுத்தியிருந்தார்கள், அதனால்தான் டிக்கெட் எண்ணிக்கை குறைந்திருந்தது. அந்தக் குறைவையும் முன்னேற்றமென்று நான் ஒரு கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன்.

இயங்கு நேர உறுதியும் இதே தன்மையது. 99.9 சதவீதம் என்றால் முப்பது நாள் மாதத்தில் ஏறக்குறைய 43 நிமிடம்தான் சேவை நிற்கலாம் என்று நாம் மனக்கணக்குப் போடுவோம். எங்கள் ஒப்பந்தத்தில் கணக்கு மாதத்துக்கல்ல, காலாண்டுக்கு. தொண்ணூறு நாளுக்கு அது ஏறக்குறைய 130 நிமிடம். அத்தனையும் ஒரே காலையில் போகலாம். போனது. மாதக் கணக்கு முடிக்கும் நாளில் காலை 9.10-லிருந்து 11.05 வரை தளம் முற்றாக நின்றது. 115 நிமிடம். காலாண்டு அறிக்கையில் 99.91 சதவீதம் என்று வந்தது, இழப்பீடு எதுவும் கிடையாது. இன்னொரு முறை அரை நாள் ஒப்புதல் பட்டியலே வெறுமையாகத் தெரிந்தது. அது கணக்கிலேயே வரவில்லை, ஏனென்றால் உள்நுழைவுப் பக்கம் திறக்கிறதா என்பதை மட்டும்தான் அவர்களுடைய கண்காணிப்புக் கருவி சோதித்துக்கொண்டிருந்தது.

பாதுகாப்புச் சான்றுகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். வெளித் தணிக்கையாளர் தரும் பாதுகாப்பு அறிக்கையான எஸ்.ஓ.சி. 2 இருக்கிறது என்றார்கள். இருந்தது, ஆனால் முதல் வகை. குறிப்பிட்ட ஒரு தேதியில் கட்டுப்பாடுகள் முறையாக வடிவமைக்கப்பட்டிருந்தனவா என்பதைத்தான் முதல் வகை சொல்லும். சில மாத காலம் அவை உண்மையில் செயல்பட்டனவா என்று சோதிப்பது இரண்டாம் வகை. அதேபோல தகவல் பாதுகாப்பு மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 27001 சான்றிதழின் எல்லை வரியைப் படித்தபோது, அது அவர்களுடைய ஓர் அலுவலகத்தை மட்டும் உள்ளடக்கியது, எங்கள் ஊழியர்களின் விவரங்களைக் கையாளும் உதவி மையம் அதில் இல்லை என்பது தெரிந்தது. அந்த வரி முதல் பக்கத்திலேயே இருக்கிறது. சின்னத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்.

வெளியேறலாம் என்று முடிவெடுத்தபோதுதான் கடைசி அடி. ஒப்பந்தம் முடிவதற்கு 90 நாளுக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்காவிட்டால் அது தானாக ஓராண்டுக்கு நீளும் என்ற விதியை, 71 நாள் மீதமிருந்தபோது கண்டோம். நான்காம் ஆண்டுக் கட்டணம் அப்படித்தான் போனது. சரி, அந்த ஓராண்டில் தரவையாவது ஒழுங்காக எடுத்துவிடலாம் என்று தொடங்கினால், “பரவலாகப் பயன்படும் வடிவத்தில்” தரவைத் திருப்பித் தருவோம் என்ற வாசகத்துக்கு அவர்கள் கொடுத்த பொருள் பி.டி.எஃப். ஒவ்வொரு ஒப்புதலும் தனிக்கோப்பு. கோப்பின் பெயர் 32 எழுத்துக் குறியீடு. இணைப்புக் கோப்புகள் வேறொரு அடைவில். எந்த இணைப்பு எந்த ஒப்புதலுக்கு உரியது என்ற பட்டியல் இல்லை. ஒப்புதல் அளித்த தேதி இருக்க வேண்டிய இடத்தில் கோப்பை எடுத்த தேதி. தணிக்கையாளரிடம் இதைக் காட்டினால் என்ன சொல்வார்?

மென்பொருள்கள் தமக்குள் நேரடியாகத் தரவைப் பரிமாறும் ஏ.பி.ஐ. வழியாக நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றோம். எடுக்கலாம், ஆனால் மணிக்கு நூறு பதிவுகள்தான். அதற்கு மேல் கேட்டால் 429 பிழை வரும். எங்களிடம் இருந்தவை சுமார் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் பதிவுகள். இரவு பகலாக இடைவிடாமல் எடுத்தாலும் நூறு நாள். வேகத்தை உயர்த்தத் தனிக் கட்டணம் கேட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. கிளவுட் சேவையிலிருந்து மாறுவதற்கு வாடிக்கையாளர் தர வேண்டிய முன்னறிவிப்பு இரண்டு மாதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது அது. மாற்றத்துக்கான கட்டணத்தை 2027 ஜனவரி 12 முதல் முற்றாகத் தடை செய்கிறது. அதன் எல்லைக்குள் வராதவர்களும் அந்த இரண்டு விதிகளை மாதிரியாக வைத்துத் தங்கள் ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்கலாம். கையெழுத்துக்கு முன்பே பத்துப் பதிவுகளைத் தளத்தில் ஏற்றி, வெளியே எடுத்து, வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். ஒரு பிற்பகல் போதும்.

வழங்குநரை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் விலகிக்கொள்ள முடியாது. இந்த அனுபவத்துக்குப் பிறகு, தாமதமான பத்துக் கொள்முதல் கோப்புகளை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த நாளில் யாருடைய மேசையில் நின்றது என்று நானும் என் சக ஊழியரும் கையால் தொடர்ந்து பார்த்தோம். ஏழு கோப்புகள் ஒரே காரணத்தால் நின்றிருந்தன: ஒப்புதல் தர வேண்டியவர் விடுப்பிலோ பயணத்திலோ இருந்தார், அவருக்குப் பதிலாகக் கையெழுத்திட எவருக்கும் அதிகாரம் இல்லை. மின்னஞ்சலில் இருந்தாலும் செயலியில் இருந்தாலும் அந்தக் கோப்பு நின்றுதான் இருக்கும். மாற்று அதிகாரி யார் என்று ஒரு பக்க உத்தரவு போட்டதில் பாதித் தாமதம் குறைந்தது. இதை மூன்றாண்டுக்கு முன்பே செய்திருக்க வேண்டியவன் நான். தொழிலின் சிக்கலை என் வாயால் சொல்லத் தெரியாத நிலையில், அதை வழங்குநர் தன் பொருளுக்கு ஏற்றபடி சொல்ல அனுமதித்தேன். பிறகு அது தீர்ந்ததா என்ற கணக்கையும் அவரே எழுதினார்.

இப்போது புதிய தளம் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம். முதல் சோதனைக் குழு தலைமை அலுவலகம் அல்ல, இரவு ஷிப்ட். கைபேசி அவர்களுடையது, சரக்குப் பதிவு அவர்களுடையது. எழுப்பியவர் தொலைபேசியில் “முடிந்தது” என்று சொல்லாமல் எந்த டிக்கெட்டும் மூடப்படக் கூடாது, மூலத் தரவு வாரந்தோறும் எங்கள் சர்வருக்கு வந்து சேர வேண்டும் என்ற இரண்டு விதிகளையும் ஒப்பந்த வரைவில் சேர்த்திருக்கிறோம்; வழங்குநர் முதலாவதற்குச் சம்மதித்திருக்கிறார், இரண்டாவதன் மேல் பேச்சு நடக்கிறது. பழைய தளத்தின் பி.டி.எஃப். கோப்புகளை அவற்றின் இணைப்புகளோடு பொருத்தும் வேலையை இரண்டு பேர் இன்னும் செய்துகொண்டிருக்கிறார்கள்; இதுவரை மூன்றில் ஒரு பங்குதான் முடிந்திருக்கிறது. உங்களிடம் நடப்பில் ஒப்பந்தம் இருந்தால், தானாக நீளும் தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.