எக்ஸ் தளத்தில் அமைச்சரிடம் முறையிடலாமா? ஒரு பயன்பாட்டு மதிப்பீடு

வெளியுறவு அமைச்சராக இருந்தபோது சுஷ்மா ஸ்வராஜ், வெளிநாடுகளில் சிக்கித் தவித்தவர்களுக்கு ட்விட்டரிலேயே நேரடியாகப் பதில் சொன்னார். பதிவில் அமைச்சரின் கணக்கைக் குறிப்பிட்டால், அதாவது டேக் செய்தால், வேலை நடக்கும் என்று மக்கள் நம்பத் தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த ட்விட்டர் 2023இல் எக்ஸ் ஆனது. பெயரோடு பல விதிகளும் மாறிவிட்டன.

பெரிய அடி ரிப்ளைகளுக்குத்தான். சந்தா கட்டி ப்ளூ டிக் வாங்கியவர்களின் பதில்களுக்கே தளம் முன்னுரிமை தருகிறது. முதல்வரின் பதிவுக்குக் கீழே ஆயிரம் பதில்கள் குவிந்திருந்தால், டிக் இல்லாதவர் எழுதியது அடியில் போய்விடும். 2020 முதல் யார் பதில் எழுதலாம் என்பதைப் பதிவிடுபவரே முடிவு செய்ய முடிகிறது. அரசியல்வாதிகள் சிலர் கதவை முழுதாகவே சாத்திவிடுகிறார்கள். ஆகவே ரிப்ளையில் முறையிடாதீர்கள். தனிப் பதிவாகப் போட்டு, துறையின் கணக்கை முதலிலும் அமைச்சரை அடுத்தும் டேக் செய்யுங்கள். அமைச்சர்களின் கணக்கைப் பெரும்பாலும் அவர்களின் குழுவே பார்க்கிறது. புகாரைப் பிரித்து அனுப்பும் வேலை துறைக் கணக்கில்தான் நடக்கும்.

அதற்கும் முன்னால் புகார் எண் வாங்குங்கள். சென்னை மாநகராட்சி என்றால் 1913, முதல்வரின் உதவி மையம் என்றால் 1100. எக்ஸ் பதிவு அரசுக் கோப்பில் ஏறாது. எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால்தான் அதிகாரி எங்கே தேடுவது என்று அறிவார்.

இலவசக் கணக்கில் ஒரு பதிவுக்கு 280 குறிகள்தான். தமிழில் இது இன்னும் சுருங்கும்: ஒற்றும் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால், ஆறு எழுத்துள்ள ‘தெருவிளக்கு’ 11 குறிகளைத் தின்றுவிடும். வணக்கம், வாழ்த்து, ஹேஷ்டேக் எதுவும் வேண்டாம். தெரு, வார்டு, மின்கம்ப எண், எத்தனை நாளாக, புகார் எண்: இவை போதும். படத்தில் பதிந்துள்ள இருப்பிடத் தகவலைத் தளம் நீக்கிவிடுவதால், இடத்தை எழுத்தில் சொல்லியே ஆகவேண்டும். நான்கு படங்கள் போடலாம். ஒன்றாவது கடைப் பலகையோ தெருப் பெயரோ தெரியும்படி இருக்கட்டும்.

செல்பேசி எண், ரயில் டிக்கெட்டின் பிஎன்ஆர் எண் இரண்டையும் பொதுவில் எழுதவே கூடாது. வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் போலிக் கணக்குகள் இதற்காகவே காத்திருக்கின்றன. அரசுக் கணக்குகளுக்குச் சாம்பல் நிற டிக் உண்டு. அதைப் பார்த்த பிறகே டிஎம்மில், அதாவது தனிச் செய்தியில், விவரம் கொடுங்கள். ப்ளூ டிக் இப்போது எதற்கும் சான்றில்லை.

அரசியல்வாதி பொய்த் தகவல் பரப்பினால் திருத்த, பயனர்களே பதிவுக்குக் கீழே விளக்கக் குறிப்பு சேர்க்கும் ‘கம்யூனிட்டி நோட்ஸ்’ இருக்கிறது. இந்தியாவுக்கு 2024இல் வந்தது. நல்ல ஏற்பாடு, ஆனால் மெதுவானது. குறிப்புகளை மதிப்பிடுவதில் வழக்கமாக எதிரெதிராக நிற்கும் பயனர்கள் இருதரப்பும் ஒப்புக்கொண்டால்தான் குறிப்பு வெளியே தெரியும். கட்சிச் சண்டையில் அந்த ஒப்புதல் கிடைப்பதற்குள் பொய் ஊர் சுற்றிவிடும்.

தெருவிளக்கு, குப்பை, ரயில் பெட்டி போன்ற உடனடிக் குறைகளுக்கு எக்ஸ் இன்னும் பயன்படுகிறது. பட்டா, ஓய்வூதியம் போல ஆவணம் கேட்கும் விஷயங்களுக்கு உதவாது. அவற்றை மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஒரு முறையீட்டுக்காகச் சந்தா கட்ட வேண்டிய தேவையும் இல்லை.