காட்டுயிர் மீட்பு அடிப்படைப் பயிற்சி: இரண்டு நாளில் கை எவ்வளவு பழகும்?

காயம்பட்ட பறவைகளையும் தாயைப் பிரிந்த குட்டிகளையும் காப்பாற்ற விரும்பும் தன்னார்வலர்களுக்கான 2 நாள் அடிப்படைப் பயிற்சியின் மதிப்புரை இது. முதல் நாள் முழுக்க வகுப்பு. இரண்டாம் நாள் காலை கணக்கும் கைப்பயிற்சியும், மதியத்துக்கு மேல் கூண்டமைப்பும் விடுவிப்பும். உயிருள்ள விலங்கு எதையும் வகுப்புக்குக் கொண்டுவருவதில்லை. துணிப்பொம்மை, கால்நடை மருத்துவர் வழியாக வந்த இறந்த பறவைகள், சிரிஞ்சு, கிராம் தராசு ஆகியவற்றை வைத்தே பழக்குகிறார்கள். அது சரியான முடிவு. பயத்தில் நடுங்கும் ஓர் உயிரை இருபது பேர் மாறி மாறிப் பிடித்தால் அதுவே அதைக் கொன்றுவிடும்.

மீட்டவர் கையில் சாகும் உயிர்களில் பல, அன்போடுதான் ஆனால் வரிசை தப்பிச் செய்த உதவியால் சாகின்றன. அந்தச் சாவுகளை எவ்வளவு தூரம் தடுக்கக் கற்றுத்தருகிறது என்பதை வைத்தே இந்தப் பயிற்சியை எடைபோட வேண்டும்.

அந்த வகையில் தொடக்கம் மிக நன்று. முதல் பாடமே 'முதலில் சூடு, அப்புறம் நீர், கடைசியில் உணவு'. குளிர்ந்துபோன உடம்பில் குடல் அசையாது. உள்ளே போன பால் அப்படியே கிடந்து புளித்து வயிறு உப்பும். பசியில் கத்துகிறதே என்று உடனே பாலூட்டப்பட்ட குட்டி அன்றிரவே போய்விடுவது இதனால்தான். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைக்க வேண்டும். மறுபாதி ஆறியே இருக்கட்டும், சூடு மிஞ்சினால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். உடம்பு சூடானதும் நீர். அது செரித்துச் சிறுநீர் இறங்கிய பிறகே உணவு. வரிசையை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்காமல் காரணத்தோடு விளக்குகிறார்கள். காரணம் புரிந்தவர் பதற்றத்திலும் வரிசையை மாற்றமாட்டார்.

இதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. அதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டார்கள். கண்ணாடியில் மோதித் தலையில் அடிபட்ட பறவைக்குக் கூடுதல் சூடு கொடுக்கக் கூடாது. ரத்த நாளங்கள் விரிந்து மூளை வீக்கம் கூடும். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, காதிலோ வாயிலோ ரத்தம் தெரிந்தாலோ வெந்நீர் பாட்டில் வேண்டாம். இருட்டான பெட்டி, அமைதி, தலையைச் சற்றே உயர்த்தி வைத்தல், இவ்வளவு போதும், மருத்துவரிடம் போய்ச் சேரும் வரை. 'முதலில் சூடு' என்பது நன்றாகப் பதிந்த கூட்டத்துக்கு இதையும் அதே அழுத்தத்தோடு சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் காலையின் நீர்க்கணக்கு வகுப்புக்காகவே இதில் சேரலாம். 300 கிராம் பறவை, நீரிழப்பு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இழந்த நீர் 30 மி.லி. அன்றாடத் தேவை கிலோவுக்கு 50 மி.லி. என்ற கணக்கில் 15 மி.லி. இழந்ததில் பாதியை முதல் நாளும், மீதியை அடுத்த இரண்டு நாளில் சரிபாதியாகவும் ஈடுசெய்ய வேண்டும். ஆகவே முதல் நாள் 15 + 15 = 30 மி.லி., இரண்டாம் மூன்றாம் நாட்களில் 7.5 + 15 = 22.5 மி.லி. இதையும் ஒரே மூச்சில் அல்ல, பல வேளையாகப் பிரித்து, உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு ஐந்து கணக்கு கொடுத்துப் போடச் சொல்கிறார்கள். புள்ளியை இடம் மாற்றி வைத்து 3 மி.லி.யை 30 ஆக்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அதை அங்கேயே, தாளிலேயே செய்து திருத்திக்கொள்ள முடிகிறது. தலையைத் தூக்கக்கூட முடியாத விலங்குக்கு வாய்வழியாக எதுவும் கூடாது, ஊசிவழி நீர் மருத்துவர் வேலை என்பதையும் தெளிவாகச் சொன்னார்கள்.

பாலூட்டிக் குட்டிகளுக்கு ஒரு வேளை அளவு உடல் எடையில் ஏறக்குறைய 5 சதவீதம். 40 கிராம் அணில் குட்டிக்கு 2 மி.லி. தான். 1 மி.லி. சிரிஞ்சால், குட்டியைக் குப்புற வைத்து, தலையை மட்டும் நிமிர்த்திப் பிடித்து, துளித்துளியாக. மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போகும். மூக்கில் பால் குமிழி வந்தால் உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்தித் துடைக்க வேண்டும். அடுத்த இரண்டு நாளுக்குள் மூச்சில் 'டிக் டிக்' சத்தம் கேட்டால் நிமோனியா தொடங்குகிறது என்று பொருள். பசும்பால் வேண்டாம். அந்தந்த இனத்துக்கேற்ற மாற்றுப்பாலையும் முதல் வேளையிலேயே முழு அடர்த்தியில் கொடுக்காமல் கால், அரை, முக்கால் என்று ஏற்ற வேண்டும். கண் திறக்காத குட்டிகள் தாமாகச் சிறுநீர் கழிக்காது என்பதால் ஒவ்வொரு வேளையும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றின் கீழே வருடிவிட வேண்டும். எல்லாம் சொன்னார்கள், செய்தும் காட்டினார்கள். தினமும் காலையில், ஊட்டுவதற்கு முன் எடை பார்த்து எழுதும் பழக்கத்தை வலியுறுத்தியதற்குத் தனிப் பாராட்டு. குட்டி நலிவதை மற்ற அறிகுறிகளுக்கு முன்பே தராசு காட்டிவிடும்.

பறவை வகுப்பில் பாதி நன்று. அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவது ஏன் கொல்லும் என்பதை இறந்த பறவையின் வாயைத் திறந்தே காட்டுகிறார்கள். மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது. ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். புறாக் குஞ்சு மற்ற குஞ்சுகளைப் போல வாயைப் பிளந்து நிற்காது, தாயின் வாய்க்குள் அலகை விட்டு உண்ணும். அதனால் ஊட்டும் முறையே வேறு. இதையும் விட்டுவிடவில்லை.

சறுக்கியது கட்டுப்போடும் பயிற்சியில்தான். ஒடிந்த இறக்கைக்கு 8 வடிவில் சுற்றும் கட்டுக்கு ஆளுக்குப் பத்து நிமிடமே கிடைத்தது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் (மூச்சிழுக்க உதவும் தசைத்திரை) இல்லை, மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. உடலைச் சேர்த்துச் சுற்றும் கட்டு சற்று இறுகினாலும் மூச்சு முட்டிப்போகும். பொம்மையில் சுற்றிப் பார்க்கும்போது இந்த இறுக்கம் கைக்குப் புலப்படுவதில்லை. பயிற்றுநர் ஒவ்வொருவர் கட்டுக்குள்ளும் விரல் விட்டுச் சோதித்திருக்க வேண்டும். கட்டை நீண்ட நாள் அவிழ்க்காமல் வைத்தால் இறக்கையின் முன்விளிம்புத் தோல் சுருங்கி, எலும்பு கூடியும் பறக்க முடியாமல் போகும் என்பதும் பாடக் குறிப்பில் இல்லை.

வேட்டைப் பறவைகளுக்குச் சதையை மட்டும் கொடுத்தால் எலும்பு வளையும், கால்சியத்துக்கு எலும்போடு முழு இரை வேண்டும் என்றார்கள். சரி. ஆனால் பல நாள் பட்டினி கிடந்த ஆந்தைக்கு முதல் வேளையே ரோமமும் எலும்புமாகக் கொடுத்தால் தாங்காது என்ற எச்சரிக்கை விடுபட்டது. பூனை கவ்விய பறவையை, காயம் தெரியாவிட்டாலும், அன்றே மருத்துவரிடம் காட்டி ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்பதை மூன்று முறை சொன்னது நல்லது. ஊசிமுனை போன்ற பல் பட்ட இடம் இறகுக்குள் மறைந்துவிடும்.

'எதைத் தூக்கக் கூடாது' என்ற பகுதிக்கு 40 நிமிடம்தான். நம் கருத்தில் அரை நாள் தர வேண்டிய பாடம் இது. உடம்பெல்லாம் இறகு, குட்டை வால், தரையில் தத்தித் தத்திப் போகும் குஞ்சு அநாதையல்ல. பறக்கப் பழகுகிறது, பெற்றவை பக்கத்தில்தான் இருக்கும். இறகு முளைக்காத குஞ்சு விழுந்திருந்தால் கூட்டில் திரும்ப வைக்கலாம், மனித வாசனைக்காகத் தாய் ஒதுக்காது. முயல் குட்டியும் மான் குட்டியும் புதரில் தனியே கிடப்பது இயல்பு, தாய் எப்போதாவது வந்து பாலூட்டிவிட்டுப் போகும். இந்த அடையாளங்கள் தெரியாதவர்களால் நல்ல குட்டிகள் தாயிடமிருந்து பிரிக்கப்படுகின்றன. பிறகு மனிதரையே தன் இனமாக எண்ணிப் பழகிய பறவை காட்டுக்குத் திரும்பவே முடியாது. படங்களைக் காட்டி 'தூக்கலாமா, விடலாமா' என்று கேட்கும் பயிற்சி நாலு படத்தோடு நின்றுவிட்டது. நாற்பது வேண்டும்.

நோய்த்தொற்றுப் பகுதி கச்சிதம்: வௌவாலை வெறுங்கையால் தொடாதே, வெறிநோய்த் தடுப்பூசியை முன்பே போட்டுக்கொள், கடிபட்டால் சோப்புத் தண்ணீரால் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போ. கூண்டில் எச்சத்தைத் துடைக்காமல் கிருமிநாசினி தெளித்தால் பயனில்லை என்பதும் இருந்தது. கருணைக்கொலைக்கு அரை மணி நேரம் போதாது. மூட்டிலேயே இறக்கை நொறுங்கிய பறவைக்கு என்ன முடிவு என்பதை மருத்துவர்தான் எடுப்பார். ஆனால் அந்த முடிவை ஏற்கும் மனத்தையும் பயிற்சியில்தான் தயார்செய்ய முடியும்.

சேர்பவர்கள் கவனிக்க: கிடைக்கும் சான்றிதழ் உரிமம் அல்ல. காட்டுயிரை அனுமதியின்றி வைத்திருப்பது பல நாடுகளில் குற்றம். உரிமம் பெற்ற மையத்தில் உதவியாளராகச் சேர்ந்து, ஒரு பருவமாவது வேலை செய்தால்தான் கை பழகும். முற்றிலும் புதியவருக்கு இந்த 2 நாள் நிச்சயம் பயன் தரும். ஏற்கெனவே மையத்தில் வேலை செய்பவர் நீர்க்கணக்குக்கும் நோய்த்தொற்றுப் பகுதிக்கும் வரலாம்.

கடைசியாக, கையில் கொடுக்கும் பதிவுப் படிவம். எடை, நீர், உணவு, எச்சம் என்று கட்டங்கள் ஒழுங்காக இருக்கின்றன. கண்டெடுத்த இடத்துக்கு மட்டும் கட்டம் இல்லை. ஆமை தன் வாழிடத்தை விட்டு எளிதில் பெயராது. வேறிடத்தில் விட்டால் பழைய இடத்தைத் தேடி அலைந்து சாலையில் அடிபடும். ஓடு விரிசல் ஆற மாதங்கள் ஆகும், அதற்குள் கொண்டுவந்தவர் இடத்தை மறந்துவிடுவார். அடுத்த அணிக்குப் படிவம் அச்சிடும்போது முதல் வரியாக அந்த இடத்தைச் சேர்க்க வேண்டும்.