செவித்துணைக் கருவி: கடையோடு முடிப்பதா, காது மருத்துவரிடம் திரும்பிச் செல்வதா?

முதுமையில் செவித்திறன் குறைந்த என் தாயாருக்குக் கருவி வாங்க முடிவுசெய்தபோது எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. கருவி விற்கும் மையத்துக்கு நேரே சென்று, அங்கேயே இலவசமாகப் பரிசோதித்து, அங்கேயே வாங்கி, டியூனிங்கையும் அங்கேயே செய்துகொள்வது ஒன்று. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் தொடங்கி, அவரோடு பணிபுரியும் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் வல்லுநர்) மூலம் கருவியைப் பொருத்தி, பொருத்திய சில வாரங்களில் மருத்துவரிடமே மீண்டும் காட்டுவது மற்றொன்று. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். இணையத்தில் விற்கும், காதில் அணியும் மலிவான ஒலிகூட்டிகளை நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவேயில்லை. அணிபவரின் ஆடியோகிராமுக்கு (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்துக்கு) ஏற்ப அவற்றை அமைக்க வழியில்லை.

வாங்குவதற்கு முன் மருத்துவர் காதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பெரும்பாலோர் அறிவர். அடைத்த குறும்பி, செவிப்பறையில் துளை, நடுக்காது எலும்புகளின் இறுக்கம் ஆகியவற்றுக்குக் கருவிக்கு முன்பே சிகிச்சை உண்டு. ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் குறைந்தால் அதன் காரணத்தைத் தேட வேண்டும். திடீரெனக் காது கேட்காமல் போனால் அது அவசரச் சிகிச்சைக்குரியது.

விற்பனை மையங்களின் நன்மைகளை மறைப்பது நியாயமாகாது. பல நிறுவனக் கருவிகளை அணிவித்துக் காட்டுகிறார்கள், சில இடங்களில் வீட்டுக்கே வருகிறார்கள், குறும்பித் தடுப்பு வடிகட்டியும் பேட்டரியும் உடனே கிடைக்கின்றன. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்ட் இருக்கும் மையத்தில் பரிசோதனையும் முறையாகவே நடக்கும். ஆயினும் என் முடிவைத் தீர்மானித்தது, பொருத்தம் சரியா என்று பிறகு யார் சரிபார்க்கிறார் என்ற ஒரே கேள்விதான். விற்றவரே தம் விற்பனைக்குச் சான்று அளிப்பது, அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், போதுமானதன்று.

இதற்குக் காரணம் கருவி பொருத்தப்படும் விதத்திலேயே இருக்கிறது. ஆடியோகிராமின் எண்களைக் கணினியில் இட்டவுடன், ஆஸ்திரேலியாவில் உருவான என்.ஏ.எல். போன்ற ஒரு கணக்கு முறையின்படி, ஒவ்வொரு அலைவரிசையிலும் எவ்வளவு ஒலி கூட்ட வேண்டும் என்பதை மென்பொருள் கணித்துவிடுகிறது. ஆனால் அந்தக் கணிப்பு சராசரி மனிதரின் காதுக் குழாயை மனத்தில் கொண்டது. குழாயின் நீளமும் வளைவும், காது அச்சு (கருவியின், காதுக்குள் செருகும் பகுதி) எவ்வளவு இறுக்கமாக அமர்ந்திருக்கிறது என்பதும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், செவிப்பறையை உண்மையில் எட்டும் ஒலி திரையில் தெரியும் அளவிலிருந்து 10 டெசிபல் வரைகூட விலகலாம். மெல்லிய குழாய் ஒன்றைச் செவிப்பறைக்கு அருகில் வைத்து, கருவி அணிந்த நிலையில் ஒலியை அளக்கும் நேரடிக் காது அளவீடு அந்த விலகலைக் காட்டிவிடும்.

என் தாயாருக்குப் பொருத்திய பின், "சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை" என்பதே குறையாக இருந்தது. மறுபார்வையில் மருத்துவர் முதலில் காதுக்குள் பார்த்து, அச்சுக்குப் பின்னால் சேர்ந்திருந்த குறும்பியை அகற்றினார். அச்சு உரசிச் சிவந்த இடத்தையும் ஆடியாலஜிஸ்ட்டுக்குச் சுட்டிக்காட்டினார். அதன் பிறகு அளந்தபோது, 3000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் ஒலி தேவையான அளவை எட்டவில்லை என்பது தெரிந்தது. முதுமையில் முதலில் குறைவது உயர் அலைவரிசைகளே. 'கடி', 'தடி', 'படி' ஆகியவற்றைப் பிரித்தறிய உதவும் மெய்யொலிக் குறிப்புகளில் பலவும் உயர் அலைவரிசைகளில்தான் இருக்கின்றன. அந்தப் பகுதியை உயர்த்திய பின்னர் சொற்களைத் திருப்பிச் சொல்லச் செய்தார்கள். முன்பு மாற்றிச் சொன்ன பலவற்றை அம்மா சரியாகச் சொன்னார். குறும்பியை எடுக்காமல் அளந்திருந்தால் அந்த அளவீட்டையே நம்பியிருக்க முடியாது. மருத்துவரின் பார்வையும் ஆடியாலஜிஸ்ட்டின் அளவீடும் ஒன்றுக்கொன்று மாற்றாக முடியாதவை என்பதை அன்று புரிந்துகொண்டேன்.

ஜெர்மனியில் இந்த மறுபார்வை நடைமுறையிலேயே இடம்பெற்றிருக்கிறது: காது மருத்துவர் எழுதித் தருகிறார், கருவி வல்லுநர் பொருத்துகிறார், பிறகு மருத்துவர் பலனைச் சோதித்து உறுதிசெய்கிறார். நம் ஊரில் அதை நாமே கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. எல்லா மருத்துவரிடமும் அதற்கு நேரமும் வசதியும் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனையே ஒரு நிறுவனத்தின் கருவியை மட்டும் பரிந்துரைக்கும்போது, சார்பற்ற சரிபார்ப்பு என்னும் இந்த வழியின் வலிமை குறைந்துபோகிறது. அந்நிலையில் காரணத்தைத் தயங்காமல் கேட்கலாம். நேரடி அளவீட்டுக் கருவி இல்லாத இடத்தில், கருவி அணிந்தும் அணியாமலும் ஒலிபெருக்கி முன் அமரவைத்துச் சொற்களைக் கேட்கச் செய்யும் சோதனையையாவது கோர வேண்டும்.

நான் எழுதியது முதியோரைப் பற்றியது மட்டுமே. குழந்தைகளுக்கான பொருத்தத்தில் எனக்கு அனுபவம் இல்லை. செலவைப் பொறுத்தவரை, ஆலோசனைக் கட்டணம் கூடுதலாவது உண்மை. எனினும் கருவியின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை. எந்த வழியில் வாங்கினாலும், கருவியை அணிந்து பார்க்கத் தரும் சோதனைக் காலம் முடிவதற்குள் மருத்துவரின் மறுபார்வையை முடித்துக்கொள்ளும்படி நாளைக் குறித்துக்கொண்டு, மாற்றித் தருவதற்கான நிபந்தனையை ரசீதிலேயே எழுதி வாங்குவது நல்லது.