வளரும் சர பஃபர்: எஸ்டிஎஸ், ஸ்டிரபஃப் ஓர் ஒப்பீடு

சி நிரல் மொழியில் ஒரு சரத்துக்கு, அதாவது எழுத்துகளின் வரிசைக்கு, தன் நீளம் தெரியாது. இறுதியில் நிற்கும் பூஜ்ய பைட் வரை எண்ணித்தான் அதை அறிய வேண்டும். ஆகவே ஒரு சரத்தின் வாலில் இன்னொன்றை ஒட்டும் ஸ்டிர்கேட் என்ற செயல்கூறு ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து முடிவைத் தேடிச் செல்கிறது. இடம் போதுமா என்று பார்ப்பதும் இல்லை. இந்தக் குறையைத் தீர்க்க, நீளத்தையும் கொள்ளளவையும் (ஒதுக்கிய மொத்த இடத்தையும்) உடன் வைத்துக்கொண்டு தேவைக்கேற்ப வளரும் பஃபரை, அதாவது எழுத்துகளை வைக்கும் நினைவக இடத்தை, பல பெரிய நிரல்கள் தாமே எழுதிக்கொண்டன. ரெடிஸ் தரவுத்தளத்தின் எஸ்டிஎஸ், நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் மென்பொருளின் ஸ்டிரபஃப் ஆகிய இரண்டும் ஒரே சிக்கலுக்கு எதிரெதிர் விடைகளைத் தருவதால் சேர்த்துப் படிக்கத் தக்கவை.

எஸ்டிஎஸ், நீளத்தையும் கொள்ளளவையும் எழுத்துகளுக்கு முன்னால், அதே நினைவகத் துண்டிலேயே வைக்கிறது. நம் கையில் தரும் சுட்டியோ (நினைவக முகவரியோ) முதல் எழுத்தைக் காட்டுகிறது. அதனால் அதை, அச்சிடும் பிரின்ட்எஃப் போன்ற செயல்கூறுகளுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். ஒரு சரத்துக்கு ஒரே நினைவக ஒதுக்கீடு போதும். 2016இல் வந்த ரெடிஸ் 3.2 முதல், நீளமும் கொள்ளளவும் இருக்கும் அந்தத் தலைப்பகுதியின் அளவும் சரத்துக்கேற்ப மாறுகிறது: 32 முதல் 255 பைட் வரையிலான சரத்துக்கு 3 பைட், 65,535 வரை 5 பைட். ஸ்டிரபஃபிலோ, 64 பிட் கணினியில், சுட்டி, நீளம், கொள்ளளவு ஆகிய மூன்றுமாக 24 பைட் கட்டமைப்பு தனியே நிற்கிறது. எழுத்துகள் வேறொரு துண்டில் இருக்கின்றன. கோடிக்கணக்கான சிறு சாவிகளை (தரவைத் தேடும் பெயர்களை) நினைவகத்தில் வைத்திருக்கும் தரவுத்தளத்துக்கு எஸ்டிஎஸ்ஸின் சிக்கனமே சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. பஃபர் வளரும்போது மொத்தத் துண்டும் வேறிடத்துக்கு நகரக்கூடும் என்பதால், ஒட்டும் செயல்கூறு திருப்பித் தரும் புதிய சுட்டியை ஒவ்வொரு முறையும் பழைய மாறியிலேயே இட்டாக வேண்டும். மறந்தால், விடுவிக்கப்பட்ட நினைவகத்தை நிரல் தொடர்ந்து படிக்கும். சிறிய சோதனைகளில் கூடுதல் இடம் மீதமிருப்பதால் பிழை வெளிப்படாது. நானே இப்படி ஒரு வரியைத் தவறவிட்டு, முகவரிப் பிழை காட்டும் கருவியை ஓட்டிய பிறகே கண்டுபிடித்தேன். ஸ்டிரபஃபில் கட்டமைப்பின் முகவரியைத்தான் செயல்கூறுகளுக்குக் கொடுக்கிறோம். உள்ளே எழுத்துகள் எங்கு நகர்ந்தாலும் அந்த முகவரி மாறுவதில்லை. எழுத்துகளின் சுட்டியைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளாத வரை இந்தப் பிழைக்கு இடமே இல்லை. பலர் தொட்டுத் திருத்தும் நிரலுக்கு நான் ஸ்டிரபஃபையே பரிந்துரைப்பேன்.

ஸ்டிரபஃபின் இன்னொரு நயம், வெற்று பஃபரின் சுட்டி ஒருபோதும் நல் ஆக (எதையும் சுட்டாததாக) இருக்காது என்பது. எல்லா வெற்று பஃபர்களும் பொதுவான ஒரு நிலையான பூஜ்ய பைட்டையே சுட்டுகின்றன. எனவே எதையும் ஒதுக்காமலே அதை வெற்றுச் சரமாக அச்சிடலாம்.

எவ்வளவு வளர்ப்பது என்பதிலும் இரண்டும் பிரிகின்றன. ஸ்டிரபஃப், பழைய கொள்ளளவோடு 16ஐக் கூட்டி ஒன்றரை மடங்காக்குகிறது: 24, 60, 114 என்று போகும். கேட்கும் இடம் அதையும் மிஞ்சினால் கேட்டதையே ஒதுக்கும். எஸ்டிஎஸ், தேவையான நீளம் 1 மெகாபைட்டுக்குக் குறைவாயிருக்கும் வரை அதை இரட்டிப்பாக்கி, அதற்கு மேல் ஒவ்வொரு முறையும் 1 மெகாபைட் மட்டும் கூடுதலாகச் சேர்க்கிறது. நினைவகம் வீணாகாது, ஆனால் சிறிது சிறிதாக ஒட்டி 512 மெகாபைட் வரை வளர்த்தால் சுமார் 500 முறை வளர்க்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு முறையும் நகலெடுக்க நேர்ந்தால் மொத்தம் ஏறத்தாழ 128 ஜிகாபைட் நகரும். மடங்கில் வளர்த்தால் மொத்த நகல் இறுதி நீளத்தின் சில மடங்கைத் தாண்டாது.

கடைசியாக, பஃபரைப் பிறரிடம் ஒப்படைப்பது. ஸ்டிரபஃபிலிருந்து எழுத்துகளைக் கழற்றினால் கிடைப்பது சாதாரணச் சுட்டி. பெற்றவர் அதை, நினைவகத்தை விடுவிக்கும் சி மொழியின் ஃப்ரீ செயல்கூறு கொண்டே விடுவிக்கலாம். எஸ்டிஎஸ் சுட்டி துண்டின் தொடக்கத்தைக் காட்டாததால், அதை ஃப்ரீயிடம் கொடுத்தால் நினைவகம் சிதையும். வேறொரு நூலகத்திடம் உரிமையை மாற்ற வேண்டுமானால் முழுவதையும் நகலெடுத்துத்தான் தர வேண்டும்.