மழை பெய்யாத பிரிண்ட்: லூசியின் டிவிடி பெட்டி

முப்பத்திரண்டு வருஷம் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன் நான். எனக்குக் கதையெல்லாம் அப்புறம், முதலில் பிரிண்ட் எப்படி என்றுதான் பார்ப்பேன். மகள் வீட்டில் தங்க நியூஜெர்சி வந்தபோது, பழைய சாமான் கடை ஒன்றில் ‘ஐ லவ் லூசி’ முழுத் தொடரின் டிவிடி பெட்டியை 22 டாலருக்கு வாங்கினேன். 1951 முதல் 1957 வரை ஓடிய தொடர், ஆறு சீசன், கறுப்பு வெள்ளை. இவ்வளவு பழைய டிவி நிகழ்ச்சி, கோடும் புள்ளியுமாக மழை பெய்யும் என்று நினைத்துத்தான் போட்டேன். பெய்யவில்லை. லூசியாக நடித்த லூசில் பாலின் கண்ணிமை ரோமம்கூடத் தெரிகிறது.

எப்படி என்று தேடிப் படித்தேன். அந்தக் காலத்தில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாகும். டிவி திரையையே கேமராவில் பிடித்து, அந்தப் படத்தைத்தான் மேற்குக் கரைக்கு அனுப்புவார்கள். கலங்கிய குட்டைத் தண்ணீர் மாதிரி இருக்கும். லூசிக்கு அப்போது நாற்பது வயது, கைக்குழந்தை வேறு. மேற்குக் கரையில் இருக்கும் ஹாலிவுட் வீட்டை விட்டு நியூயார்க் போக மாட்டேன் என்றார். கிழக்கில் உள்ளவர்களுக்கும் படம் நன்றாகத் தெரிய வேண்டும் என்பது விளம்பரதாரரான சிகரெட் கம்பெனியின் கவலை. அப்படியானால் 35 எம்எம் பிலிமிலேயே எடுத்துவிடலாம் என்றார் கணவர் தேசி அர்னாஸ். செலவு கூடும் என்று சேனல் முரண்டுபிடிக்க, தம்பதி வாரச் சம்பளத்தில் 1,000 டாலரைக் குறைத்துக்கொண்டு பதிலுக்குப் பிலிமின் உரிமையைக் கேட்டார்கள். சேனல் கொடுத்துவிட்டது. ஒருமுறை ஓடி முடிந்த நிகழ்ச்சியை யார் மறுபடி பார்ப்பார்கள் என்ற நினைப்பு!

ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராயிண்ட். ஜெர்மனியில் மௌனப் படக் காலத்திலேயே பெயர் வாங்கியவர், ஆஸ்கரும் வாங்கியவர். எதிரில் 300 பேர் உட்கார்ந்திருக்க, மூன்று கேமரா ஒரே நேரத்தில் ஓடும். ஷாட்டுக்கு ஷாட் விளக்கை மாற்ற முடியாது என்பதால் மேலிருந்து சீராக வெளிச்சம் அடித்தார். ஒரு முகத்திலும் கண்டபடி நிழல் விழவில்லை, கவனித்துப் பாருங்கள். சிரிப்புச் சத்தமும் அந்த 300 பேருடையது. அதில் லூசியின் அம்மாவும் உண்டு.

1933-ல் ஹாலிவுட் வந்தவர் லூசி. ஆர்கேஓ ஸ்டுடியோவில் மாதச் சம்பளக்காரர் மாதிரி சின்னச் சின்ன வேஷங்கள், ‘பி’ படங்கள் எனப்படும் குறைந்த செலவுப் படங்களின் ராணி என்ற பட்டம். அழகான பெண் என்று நிறுத்தி வைத்தார்களே தவிர, அந்த முகம் என்னென்ன கோணலுக்குப் போகும் என்று யாரும் சரியாகப் பயன்படுத்தவில்லை. முதல் சீசனில் டானிக் விளம்பரம் செய்யும் அத்தியாயம் ஒன்று போதும். மருந்தில் 23 சதவீதம் சாராயம் என்று தெரியாமல், ஒத்திகைக்கு ஒத்திகை ஒரு கரண்டி குடிக்கிறார். முதல் கரண்டிக்கு முகம் சுளிக்கும், நாலாவதற்கு நாக்கு குழறும், அப்புறம் கரண்டியே வாய்க்கு வழி தெரியாமல் திரியும். எனக்கு ஆங்கிலம் அரைகுறை. அந்தக் காட்சிக்கு அது தேவையே படவில்லை.

லூசி கர்ப்பமானபோது அதையே கதையில் சேர்த்தார்கள். ‘கர்ப்பம்’ என்ற வார்த்தை மட்டும் வரக்கூடாது என்று சேனல் தடை. 1953 ஜனவரி 19-ல் நிஜத்தில் மகன் பிறந்தான், அன்றிரவே கதையிலும் பிறந்தான். 4.4 கோடிப் பேர் பார்த்தார்களாம். மறுநாள் ஐசன்ஹோவர் அதிபராகப் பதவியேற்றதைப் பார்த்தவர்களைவிட அதிகம்.

உரிமையைப் பிடித்து வைத்தது பிறகு உதவியது. பழைய அத்தியாயங்களைச் சேனலுக்கே விற்று, அந்தப் பலத்தில் ஆர்கேஓ ஸ்டுடியோவையே வாங்கிவிட்டார்கள். துண்டு வேஷம் போட்ட அதே இடம். 1960-ல் விவாகரத்து, 1962-ல் இருவரின் நிறுவனத்தில் தேசியின் பங்கையும் வாங்கி லூசியே முதலாளி. ‘ஸ்டார் டிரெக்’ என்ற விண்வெளித் தொடர் தொடங்கியது அவர் நிறுவனத்தில்தான். திரையில் மட்டும் கணவன் சொல்லுக்குப் பயந்து திருட்டு முழி முழித்தவர்!

குறைகள் உண்டு. தேசி நடித்த கணவன் ரிக்கி, மனைவியைக் குழந்தை மாதிரி மடியில் போட்டு அடிக்கும் இடங்களில் மகள் ரிமோட்டை எடுத்துவிடுகிறாள், நானும் தடுப்பதில்லை. ஆறாவது சீசனில் கனெக்டிகட் கிராமத்துக்குக் குடிபோனதும் வேகம் போய்விடுகிறது. ஐந்தில் நிறுத்தியிருக்கலாம். செம்பட்டை முடிக்குப் பேர்போனவரின் முடி நிறத்தைக் கடைசிவரை பார்க்க முடியாததும் ஒரு வேடிக்கை.

இரண்டாவது சீசனின் முதல் டிஸ்க்கில் கீறல். ஆலையில் சாக்லேட் வரும் கன்வேயர் பெல்ட் வேகமெடுத்து, லூசி வாய் நிறைய அடைத்துக்கொள்ளும் நேரம் பார்த்து நின்றுவிடுகிறது. கடைக்காரரிடம் சொன்னேன். முழுப் பெட்டியையும் திருப்பித் தந்தால் பணம் தருகிறேன் என்றார். நான் தரவில்லை. பேத்தி தினமும் அந்த டிஸ்க்கைத்தான் போடச் சொல்கிறாள், கன்னம் உப்பி உறைந்து நிற்கும் அந்த முகத்துக்காக.