நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை: ஆமை நடைக்குப் போகலாமா?

ஆமையைப் பார்த்தே தீர வேண்டும் என்று கிளம்பினால், சென்னைக் கரையில் கடலாமை முட்டைகளைத் தேடிச் சேகரிக்கும் இந்த இரவு நடை ஏமாற்றிவிடும். ஏழு கிலோமீட்டர் மணலில் கால் புதைய நடந்து, விடிகாலை நாலு மணிக்கு ஒன்றுமே கண்ணில் படாமல் பெசன்ட் நகர் வந்து சேரும் இரவுகள் உண்டு. அதை வைத்து இதற்கு மதிப்பெண் குறைப்பது, இரவுக் காவலுக்குப் போய்விட்டுத் திருடன் வரவில்லை என்று குறைப்படுவது மாதிரி. முட்டைகளுக்காக ஓர் இரவைக் கொடுக்கத் தயார் என்றால், சென்னைக்குள் இவ்வளவு நேரடியான காட்டுயிர் வேலை வேறு கிடைப்பது கடினம்.

நடத்துவது எஸ்.எஸ்.டி.சி.என். என்ற மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு. இந்தக் கரையில் 1970-களிலேயே சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்கள் இரவில் நடந்து முட்டை சேகரிக்கத் தொடங்கினார்கள். 1988 முதல் மாணவர்கள் அதைக் கையில் எடுத்து நடத்தி வருகிறார்கள். ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை பருவம். பொதுமக்களுக்கான நடை பெரும்பாலும் வெள்ளி, சனி இரவுகளில். நீலாங்கரையில் பதினோரு மணிவாக்கில் கூடி, விளக்கம் கேட்டு, பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாக வடக்கே நடக்க வேண்டும். கட்டணம் கிடையாது. விருப்பப்பட்டால் நன்கொடை தரலாம்.

இங்கே வருவது பெரும்பாலும் பங்குனி ஆமை (ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி). பெயர்தான் பங்குனி, சென்னையில் தையிலேயே தொடங்கி மாசியில் மும்முரமாகிவிடும். நடப்பவர்கள் தேடுவது ஆமையை அல்ல, தடத்தை. அதனால்தான் ஈரமணல் ஓரமாகவே நடக்கச் சொல்கிறார்கள்: ஏறிய தடமும் இறங்கிய தடமும் அந்தக் கோட்டைக் கடந்தே ஆக வேண்டும். பங்குனி ஆமை இடது கை, வலது கை என்று மாற்றி மாற்றி ஊன்றி ஏறும்; இருபுறக் குறிகளும் ஒன்றுக்கொன்று நேராக இருக்காது. பேராமை (பச்சைக் கடலாமை) இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் ஊன்றுவதால் அதன் குறிகள் ஜோடி ஜோடியாக விழும். தடம் இருந்தாலே முட்டை இருக்கும் என்று சொல்ல முடியாது. வெளிச்சமோ நாயோ மிரட்டினால் பாதி வழியில் திரும்பிவிடும். அப்படிப்பட்ட தடம் ‘ப’ மாதிரி வளைந்து, மணல் கலைந்த மேடு இல்லாமல் முடியும்.

கலைந்த மணல் கிடைத்தபின்தான் கைப்பக்குவம் வேண்டும். மெல்லிய குச்சியை நேராக, எடை கொடுக்காமல் இறக்கிப் பார்ப்பார்கள். கெட்டி மணல் தடுக்கும்; குழியின் வாய்க்கு மேல் மட்டும் திடீரென்று வழுக்கிக்கொண்டு இறங்கும். அந்த நொடியிலேயே நிறுத்த வேண்டும். இன்னும் ஒரு விரற்கடை போனால் மேல் முட்டை உடையும், வழிந்த கருவுக்கு எறும்பு வரும், பூஞ்சணம் பக்கத்து முட்டைகளுக்கும் பரவும். புதிதாக வந்தவர்களிடம் குச்சியைக் கொடுக்காதது கறார் அல்ல, சரியான முடிவு. மிச்சத்தைக் கையால் தோண்டுகிறார்கள். சுமார் ஒன்றரை அடி ஆழத்தில், குறுகிய கழுத்தும் அகன்ற வயிறுமாகக் குடம் போன்ற குழி. உள்ளே நூறு, நூற்றிருபது முட்டைகள், பிங்பாங் பந்து அளவில்.

இந்தச் சேவையின் உயிரே நேரம்தான். ஆமையின் வயிற்றில் இருக்கும்வரை கருவின் வளர்ச்சி நின்றிருக்கும். மணலில் விழுந்ததும் மீண்டும் தொடங்கும். சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறத்தில், மேல்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டையை உருட்டினால் ஒட்டிய இடம் கிழிந்து கரு சாகும். வெளியே பார்த்தால் முட்டை நன்றாகத்தான் இருக்கும். ஐம்பது நாள் கழித்துப் பொரிக்காதபோதுதான் தெரியும். காலையில் ஆற அமர வந்து எடுத்தால் என்ன என்ற கேள்விக்கு விடை இதுதான். துணிப்பையில், குழியின் ஈரமணலோடு சேர்த்து, குலுக்காமல் எடுத்துப்போவதும் இதனால்தான். ஆர்வத்தில் ஒரு முட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் படம் பிடிப்பது சாதாரணத் தப்பு இல்லை.

முட்டைகள் போய்ச்சேரும் இடம் வேலியடைத்த பொரிப்பகம். அங்கே அதே ஆழத்தில், அதே குட வடிவில் குழி தோண்டி, எண்ணிக்கொண்டே அடுக்கி, எடுத்த இடம், தேதி, எண்ணிக்கை எழுதிய அட்டையை நடுவார்கள். அடியை அகலப்படுத்தாமல் நேர்க்குழாயாகத் தோண்டினால் முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கி, நடுவில் காற்று போதாது. குழிக்குக் குழி மூன்றடியாவது இடைவெளி வேண்டும். மணலின் சூடு இன்னொரு கவலை: குஞ்சு ஆணா பெண்ணா என்பதை அதுவே தீர்மானிக்கிறது. சூடு ஏறினால் பெண்கள் கூடும். மேலும் ஏறினால் எல்லாமே வெந்துபோகும். கடைசியில் வைத்த குழிகளுக்கு நிழல் தேவைப்படுவது அதனால்.

பொரிப்பகம் நல்ல ஏற்பாடா என்றால், இரண்டாம் தரமான ஏற்பாடு. ஆமை தேர்ந்தெடுத்த இடத்திலேயே முட்டை இருப்பதுதான் முதல் தரம். ஆனால் இந்தக் கரையில் நாய்கள் தோண்டும். தப்பிப் பொரித்த குஞ்சுகளும் கடலை விட்டுவிட்டு விளக்குக் கம்பத்தை நோக்கி ஊர்ந்து, விடிந்ததும் காய்ந்துபோகும். அந்தக் கணக்கில் முட்டையை மாற்றுவதே மேல்.

அதிர்ஷ்டம் இருந்து ஆமையே எதிர்ப்பட்டால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். முட்டை விழத் தொடங்கும்வரை நெருங்கவே கூடாது; அதன்பின்னும் பின்பக்கமாக மட்டும். மொத்தம் ஒரு மணி நேரம் ஆகலாம். முடிவில் உடம்பை இடமும் வலமும் ஆட்டி, வயிற்றோட்டால் தொம் தொம்மென்று மணலை இடித்துக் குழியை மூடுவதைக் கேட்க வேண்டும். எட்டு மணி நேரத் தூக்கத்தை அதற்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

குறைகள் இருக்கின்றன. வழியில் கழிப்பறை கிடையாது, பாதியில் விலகினால் அந்நேரத்தில் வண்டி பிடிப்பது உங்கள் பாடு. வார இறுதிக் கூட்டம் பெரிதாகிவிட்டால் பேச்சும் கைபேசி வெளிச்சமும் கூடும். கரையோரத்தில் காத்திருக்கும் ஆமை அப்படியே திரும்பிவிடும். ஐந்தாறு பேர் போகும் வார நாள் நடைதான் உண்மையில் வேலை நடக்கும் நடை; அதற்குப் பருவம் முழுக்க வரும் தன்னார்வலராகச் சேர வேண்டும். இன்னொன்று, இறந்து ஒதுங்கிய ஆமைகளையும் பார்க்க நேரிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. இழுவலையில் மாட்டிய ஆமை மேலே வந்து மூச்சுவிட முடியாமல் மூழ்கிச் சாகும். இதற்கு முட்டை சேகரிப்பு மருந்தாகாது. வலையில் ஆமை வெளியேறும் கதவும், கரையோரத்தில் இழுவைப் படகுக்குத் தடையும்தான் மருந்து. குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்கள் இதையும் முன்பே சொல்லி வைப்பது நல்லது.

கொண்டுபோக வேண்டியவை கொஞ்சம்தான்: ஒரு லிட்டர் தண்ணீர், அடர்நிற உடை, கண்ணாடிச் சில்லு குத்தாத செருப்பு. டார்ச் வேண்டாம், இருபது நிமிடத்தில் கண் இருட்டுக்குப் பழகிவிடும். தனியாகப் போய்த் தடம் பார்த்தால் தோண்டாதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தில் கடலாமை முதல் அட்டவணையில் இருக்கிறது, அனுமதியில்லாமல் முட்டையைத் தொடுவது குற்றம். வனத்துறைக்கோ குழுவுக்கோ தகவல் சொன்னால் போதும்.

இரவு நடக்க முடியாதவர்கள் குஞ்சு விடும்போது வரலாம். முட்டையிட்ட நாற்பத்தைந்தாம் நாளிலிருந்து குழிக்கு மேல் கூடை கவிழ்த்து, அடிக்கடி திறந்து பார்ப்பார்கள். வெளிவந்த குஞ்சுகளைப் பார்வையாளர்களுக்காகத் தொட்டியில் காக்க வைக்கக் கூடாது. நீந்த வேண்டிய தெம்பு அங்கேயே தீர்ந்துவிடும். நீரிலும் நேரே போடுவதில்லை, சில அடி முன்னால் ஈரமணலில் விடுகிறார்கள். தினமும் ஒரே இடத்தில் விட்டால் மீன்கள் பழகிக் காத்திருக்கும் என்பதால் இடம் மாற்ற வேண்டும். ஏப்ரலில் புதுக் குழிகள் குறைந்து நடைக்கு வரும் கூட்டமும் கரைந்துவிடும், கூடைகள் மட்டும் இரவெல்லாம் ஆள் கேட்கும். அப்போது போனால் உங்கள் உதவிக்கு மதிப்பு அதிகம்.